எஸ்எஸ்டி: ஃபர்ம்வேரைப் பார்ப்பது, புதுப்பிப்பது, பார்த்து வாங்குவது (முழுமையான வழிகாட்டி)

சித்திரை முகூர்த்த சீசன். காலையில் கடையைத் திறக்கும் முன்பே எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் வாசலில் நின்றார். கையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சில்லில் தரவை வைக்கும் டிரைவ்.

"தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சு. காலையில ஆன் பண்ணா விண்டோஸே வரல."

மூன்று கல்யாணத்துப் படங்கள் அதில் இருந்தன. என் மேசைக் கணினியில் மாட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தேன். டிரைவ் தெரிந்தது. ஆனால் மாடல் பெயர் வரவேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியில் எங்குமே இல்லாத வேறொரு பெயர். கொள்ளளவு 0. சூடு இல்லை, சத்தம் இல்லை, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, பேக்கப் எங்க வச்சிருக்கீங்க?"

"இதான் தம்பி பேக்கப்பே. கார்டை எல்லாம் அடுத்த ஃபங்ஷனுக்கு ஃபார்மேட் பண்ணிட்டேன்."

எஸ்எஸ்டி என்றதும் எல்லாரும் கேட்பது "எத்தனை வருஷம் தேயாம இருக்கும்?" என்பதுதான். கடைக்கு வரும் செத்த டிரைவ்களில் தேய்ந்து செத்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். மற்றவை இந்த ஸ்டுடியோ டிரைவ் மாதிரிதான். தரவு பதியும் செல் நன்றாக இருக்கும், எது எங்கே என்ற கணக்கு குழம்பியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில், அந்தக் கணக்கைப் பார்க்கும் உள் நிரலான ஃபர்ம்வேருக்குத்தான் அதிக இடம். வாங்குவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

சிட்டா அடங்கல் எரிந்தால்

ஃபிளாஷ் சில்லில் எழுதியதன் மேலேயே திருப்பி எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். ஆகவே ஒரு ஃபைலை நீங்கள் திருத்திச் சேமித்தால், டிரைவை நடத்தும் சில்லான கன்ட்ரோலர் அதை வேறொரு காலி இடத்தில் எழுதி, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். ஓய்வு கிடைக்கும்போது செல்லாத பக்கங்களைத் திரட்டி அழிக்கும். எல்லா பிளாக்கும் சமமாகத் தேயும்படி தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

எது எங்கே இருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியாது. கன்ட்ரோலரிடம் இருக்கும் ஒரு பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அதுதான் சிட்டா, அடங்கல். நிலம் அப்படியே கிடக்கும். பதிவேடு எரிந்துபோனால் எந்த வயல் யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. அந்தப் பதிவேட்டை எழுதும் கணக்குப்பிள்ளையின் மூளைதான் ஃபர்ம்வேர். ஸ்டுடியோ டிரைவில் நடந்ததும் அதுதான். கன்ட்ரோலர் எழுந்தது, தன் ஃபர்ம்வேரையும் பதிவேட்டையும் படிக்க முடியவில்லை, ஆலையில் வைத்த ஆதிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

தேய்மானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை போதும். டெக் ரிப்போர்ட் என்ற தளம் 2013 முதல் 2015 வரை 6 சாதாரண எஸ்எஸ்டிகளைச் சாகும்வரை எழுதிப் பார்த்தது. எல்லாமே 240 முதல் 256 ஜிபி அளவு. அவற்றில் இரண்டு 2 பெட்டாபைட்டை, அதாவது 20 லட்சம் ஜிபியைத் தாண்டின. நாளுக்கு 30 ஜிபி எழுதுபவருக்கு அது 180 வருடத்துக்கு மேல். கூகுளின் தரவு மையங்களில் 6 வருடம் ஓடிய டிரைவ்களை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள்காரர்களும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். எவ்வளவு எழுதினோம் என்பதைத் தனியே வைத்தாலும், டிரைவின் வயது ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது என்பது அதில் ஒரு முடிவு. இன்னொன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய தேவை குறைவு. ஆனால் படிக்கவே முடியாமல் போகும் தரவு எஸ்எஸ்டியில்தான் அதிகம். டிரைவ் உயிரோடு இருக்கும், உங்கள் ஒரு ஃபைல் மட்டும் போயிருக்கும்.

மணி அடித்ததும் நின்ற டிரைவ்கள்

ஃபர்ம்வேர் பிழை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் புதுப்பிக்கக் கை வரும். நடந்த கதைகளைச் சொல்கிறேன்.

2011-இல் இன்டெல் 320 வரிசை. எதிர்பாராமல் கரண்ட் போய் வந்தால் சில டிரைவ்கள் தம்மை 8 எம்பி என்று காட்டின. 160 ஜிபி வாங்கியவருக்கு மிஞ்சியது 8 எம்பி. அந்த ஆகஸ்டில் ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது.

அடுத்தது க்ரூசியல் எம்4. 5,184 மணிநேரம் ஓடி முடித்ததும் டிரைவ் பதில் சொல்வதை நிறுத்தும். மறுபடி ஆன் செய்தால் ஒரு மணிநேரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். 5,184 மணி என்றால் ஓயாமல் ஓடும் கணினியில் 216 நாள். 2012 ஜனவரியில் திருத்தம் வந்தது. தரவு போகவில்லை என்பது ஆறுதல்.

2019 நவம்பரில் சர்வர் கம்பெனியான எச்பிஇ விட்ட எச்சரிக்கைதான் எல்லாவற்றிலும் கொடுமை. சர்வர்களில் போடும் அதன் சில எஸ்ஏஎஸ் (சர்வர் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள், ஓடிய நேரம் 32,768 மணி ஆனதும் செத்துவிடும். அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி. டிரைவும் போகும், தரவும் போகும். அந்த எண்ணைப் பார்த்ததுமே நிரல் எழுதுபவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கூட்டல் கழித்தல் குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் 32,767-க்கு மேல் இடம் கிடையாது. 2020 மார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை, வேறு சில மாடல்களுக்கு, இம்முறை 40,000 மணி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்வரில் பல டிரைவ்களைச் சேர்த்து ரெய்டு போடுவது எதற்கு? ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்றுதானே. ஒரே நாளில் வாங்கி, ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போட்ட எட்டு டிரைவுக்கும் ஓடிய மணி ஒன்றாகவே ஏறும். 32,768-ஐயும் அவை ஒன்றாகவே தொடும். "ரெய்டு இருக்கு, பேக்கப் எதுக்கு?" என்று கேட்கும் அலுவலக மேலாளர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

சாம்சங் 840 ஈவோவில் வேறு விதம். 2014-இல் பழைய ஃபைல்கள் மட்டும் ஆமை வேகத்தில் திறப்பதாகப் புகார் கிளம்பியது. ஒரே செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி வகை அது. நாளாக ஆகச் செல்லின் மின்னழுத்தம் நகர, ஃபர்ம்வேர் அதைச் சரியாகக் கணிக்காமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தது. அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தும் நோய் திரும்பியது. 2015 ஏப்ரலில் இரண்டாவது திருத்தம்.

கடைசியாக 2023. சாம்சங் 980 ப்ரோவில், 3பி2 என்று தொடங்கும் ஃபர்ம்வேர் உள்ளவை திடீரென்று படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போயின. 2 டிபி வாங்கியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 5பி2 என்று தொடங்கும் பதிப்பு திருத்தம். அது முன்னமே தளத்தில் இருந்தது, பலர் போடவில்லை. போட்டவர்கள் தப்பினார்கள். ஏற்கெனவே பூட்டிக்கொண்ட டிரைவை அந்தத் திருத்தம் மீட்கவில்லை. அதே சமயம் 990 ப்ரோவில் ஆரோக்கிய விழுக்காடு வாரக்கணக்கில் சரிந்தது. பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேர் சரிவை நிறுத்தியது, இறங்கியதை ஏற்றிக் கொடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

படி 1: உங்களிடம் இருப்பது என்ன?

விண்டோஸ் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும், இலவசம். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பு. மேக்கில் உள்ளே பொருத்தி வரும் டிரைவுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அதன் ஃபர்ம்வேர் மேக்ஓஎஸ் புதுப்பிப்போடு வந்துவிடும்.

திறந்ததும் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: முழு மாடல் எண், சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணிநேரம். "சாம்சங் 1 டிபி" என்று எழுதினால் போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே டிரைவில் சேமிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: எண்களைப் படிப்பது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலத்தில் "100%" என்று காட்டியதும் பலர் மூடிவிடுகிறார்கள். என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு வகை) டிரைவில் அந்த எண் நூறிலிருந்து தேய்மான விழுக்காட்டைக் கழித்த மிச்சம், அவ்வளவுதான். ஸ்டுடியோ டிரைவை அதற்கு முந்தைய நாள் பார்த்திருந்தாலும் தொண்ணூறுக்கு மேல்தான் காட்டியிருக்கும்.

கீழே உள்ள பட்டியல் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் இருக்கும். அமைப்பில் போய் மூல மதிப்பைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கண் வலி மிச்சம். பிறகு என்விஎம்இ டிரைவில் நான் பார்ப்பது இந்த வரிசையில்:

- மீடியா மற்றும் தரவு நேர்மைப் பிழைகள். இது 0 ஆக இருக்க வேண்டும். ஒன்று ஏறினாலும் அன்றே பேக்கப்.
- மாற்று இருப்பு. கெட்ட பிளாக்குகளுக்குப் பதிலாக ஒதுக்கியது. 100-லிருந்து இறங்கத் தொடங்கினால் கவனம்.
- முறையற்ற நிறுத்தங்கள். கரண்ட் போய் நின்ற தடவைகள். யுபிஎஸ் இல்லாத கடைக் கணினிகளில் இது நூறைத் தாண்டியிருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன்.
- எழுதிய அளவு. இதன் ஓர் அலகு 5,12,000 பைட். மென்பொருளே ஜிபியாக மாற்றிக் காட்டும்.

சாட்டா (பழைய இணைப்பு வகை) டிரைவில் 5 என்ற எண்ணுள்ள வரி, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள். 199 என்ற வரி சிஆர்சி பிழை, அதாவது வழியில் தரவு சிதைந்த தடவைகள். இது ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். நூறு ரூபாய் கேபிளை மாற்றாமல் டிரைவை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அது நற்சான்று ஆகாது. கன்ட்ரோலர் கோளாறுக்கு முன்னறிவிப்பு வராது.

படி 3: பேக்கப்

புதுப்பிக்கும் முன் முழு பேக்கப், வேறொரு டிரைவில். விவாதம் இல்லை. முக்கியமானது மூன்று இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எடுத்த பேக்கப்பிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 4: ஃபர்ம்வேர் புதுப்பிப்பு

முதலில், யாரிடமிருந்து வாங்குவது? தனியாகக் கடையில் வாங்கிய டிரைவ் என்றால் டிரைவ் தயாரிப்பாளரின் மென்பொருள்: சாம்சங் மெஜிஷியன், டபிள்யூடி டிரைவ்களுக்கான டாஷ்போர்டு (இப்போது சான்டிஸ்க் பெயரில்), கிங்ஸ்டன் எஸ்எஸ்டி மேனேஜர், க்ரூசியல் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். இன்டெல் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் சாலிடைம் தளத்துக்குப் போக வேண்டும், வணிகம் கைமாறிவிட்டது. லேப்டாப்போடு வந்த டிரைவ் என்றால் டெல், லெனோவோ, எச்பி தளத்தில் உங்கள் லேப்டாப் மாடலைப் போட்டுத் தேடுங்கள். டிரைவில் சாம்சங் என்று அச்சிட்டிருந்தாலும் மெஜிஷியன் அதைத் தொடாது, ஏனென்றால் அந்த ஃபர்ம்வேர் லேப்டாப் கம்பெனிக்கென்று தனியாகச் செய்தது. லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி பல டிரைவ்களுக்குத் தானே கொண்டுவரும்.

பெயர் தெரியாத பிராண்டு என்றால் பெரும்பாலும் தளமே இருக்காது. இருந்தாலும் ஃபர்ம்வேர் பக்கம் இருக்காது. ஏதோ ஓர் இணைய மூலையிலிருந்து அதே கன்ட்ரோலருக்கான ஃபைலை எடுத்து ஏற்றிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வேறு ஃபிளாஷ் சில் இருந்தால் அத்தோடு கதை முடிந்தது.

வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் பதிப்பு அதில் இருக்கிறதா, என்ன பிழை என்று பாருங்கள். தரவு இழப்பு, டிரைவ் காணாமல் போவது, படிக்க மட்டும் என்ற நிலை இவற்றில் ஒன்று எழுதியிருந்தால் அந்த வாரமே போடுங்கள். "செயல்திறன் மேம்பாடு" என்று மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. நானாக இருந்தால் ஒரு மாதம் பொறுப்பேன், முதலில் போட்டவர்கள் புலம்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

பிறகு, டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கர். "நான் போடவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸ் 11-இல் பல லேப்டாப்களில் சாதனக் குறியாக்கம் தானாகவே போட்டிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் மீட்புச் சாவியை எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் செய்யாமல், மறுதொடக்கத்தில் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டதும் ஓடிவந்தவர்கள் பலர்.

லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ். எங்கள் பக்கம் ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்க மின்தடை. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். டிரைவ் யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்தால் பெரும்பாலான கருவிகள் புதுப்பிக்காது. கழற்றிப் பலகையில் நேரடியாக மாட்டுங்கள்.

மென்பொருளுக்கு டிரைவே தெரியவில்லையா? இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற, டிரைவை இன்டெல்லின் தனி அடுக்கு வழியே காட்டும் முறை ஆன் ஆகியிருந்தால் அப்படி ஆகலாம். பயாஸில் போய் அதைச் சட்டென்று மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் எழாமல் போகும். தயாரிப்பாளர் தரும் துவக்க ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து முயலுங்கள்.

மற்ற நிரல்களை மூடிவிட்டுப் புதுப்பிப்பு பொத்தானை அழுத்துங்கள். ஒரு நிமிடம் ஆகும், சிலவற்றில் சில நொடிதான். முன்னேற்றக் கோடு அசையவில்லை என்று பவர் பட்டனை அழுத்துவதுதான் இங்கே செய்யக்கூடிய ஒரே பெரிய பாவம். முடிந்ததும் மறுதொடக்கம் போதாது. முழுவதுமாக ஷட்டௌன் செய்து, அரை நிமிடம் விட்டு ஆன் செய்யுங்கள். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று படி 1-இல் பார்த்த அதே இடத்தில் பாருங்கள். பிட்லாக்கரைத் திரும்பப் போடுங்கள்.

ஒரு விலக்கு. டிரைவ் ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால், ஃபர்ம்வேரைத் தொடும் முன் தரவை எடுத்துவிடுங்கள்.

நேர்மாறாக, புதிதாக வாங்கிய காலி டிரைவில் ஃபர்ம்வேர் போடுவதைப் போல நிம்மதியான வேலை கிடையாது. போனால் வாரண்டி, வந்தால் சுத்தம். விண்டோஸ் ஏற்றும் முன்பே செய்துவிடுங்கள்.

படி 5: வாங்கப் போகும்போது

கணினியின் ஸ்லாட்டை முதலில் பாருங்கள். எம்.2 என்பது வெறும் வடிவம். அதில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சில பழைய லேப்டாப்களில் எம்.2 இருக்கும், சாட்டா மட்டும்தான் ஏற்கும். நீளமும் 2230, 2242, 2280 என்று மாறும். முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்தது நீளம், மில்லிமீட்டரில். 2.5 அங்குல சாட்டா எவ்வளவு விலை கொடுத்தாலும் நொடிக்கு 550 எம்பி சுற்றித்தான் ஓடும். என்விஎம்இ ஓடும் பாதையான பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் ஏறத்தாழ 3,500, 4.0-இல் 7,000. உங்கள் பலகை 3.0 என்றால் 5.0 டிரைவுக்குக் காசு கொடுப்பது வீண். கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் இருப்பவருக்கு இந்த மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

அடுத்தது டிஎல்சியா, க்யூஎல்சியா. ஒரு செல்லில் 3 பிட், 4 பிட். க்யூஎல்சி மலிவு. ஆனால் முன்பகுதியில் இருக்கும் வேகத் தேக்கம் (கேஷ்) நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். ஸ்டுடியோக்காரர் மாதிரி ஒரே மூச்சில் 200 ஜிபி கொட்டுபவர்களுக்கு ஒத்துவராது. விளையாட்டுகளைப் போட்டு வைத்துக்கொள்ள மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

தாங்குதிறனை டிபிடபிள்யூ என்று குறிப்பார்கள், எத்தனை டிபி எழுதலாம் என்ற கணக்கு. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600, அதே கம்பெனியின் க்யூஎல்சியான 870 க்யூவோவுக்கு 360, க்ரூசியல் பி3-க்கு 220. 600 டிபி என்றால் 5 வருடத்துக்குத் தினமும் சுமார் 330 ஜிபி. என் மேசைக் கணினி நான்கு வருடத்தில் எழுதியது 31 டிபி. ஆகவே இந்த எண்ணை ஆயுள் ரேகையாகப் பார்க்காதீர்கள். தயாரிப்பாளருக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதற்கான அடையாளமாகப் பாருங்கள்.

டிராம் உள்ளதா? டிரைவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம் அது, அந்தச் சிட்டா அடங்கலை விரிக்கும் மேசை. 1 டிபிக்குப் பொதுவாக 1 ஜிபி. இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் கடன் வாங்கும். வீட்டு வேலைக்கு அது போதும். டிராமும் இல்லாத, கடனும் வாங்க முடியாத மலிவு சாட்டா டிரைவை விண்டோஸ் ஏற்ற வாங்காதீர்கள்.

இங்கேதான் ஒரு எரிச்சலைச் சொல்ல வேண்டும். பெயர் அதே, பெட்டி அதே, உள்ளே சரக்கு மாறியிருக்கும். 2021-இல் டபிள்யூடி புளூ எஸ்என்550-இல் ஃபிளாஷ் மாறி, தேக்கம் நிரம்பிய பின் எழுதும் வேகம் குறைந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் க்ரூசியல் பி2, டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு நழுவியது. விமர்சகர்கள் சோதித்தது ஒன்று, நீங்கள் வாங்குவது வேறொன்று. ஆகவே வெளியான வாரத்து மதிப்புரையை மட்டும் நம்பாமல், கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தத் தயாரிப்பாளர் ஐந்து வருடம் முன்பு விற்ற மாடலுக்கு இன்றும் ஃபர்ம்வேர் பக்கம் வைத்திருக்கிறாரா? அதற்கு விடை கிடைக்காத பிராண்டை, பாதி விலைக்குத் தந்தாலும் தொடமாட்டேன். பெரிய பெயர்களும் மாறும். க்ரூசியல் பெயரில் நுகர்வோருக்கு விற்பதை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. அந்த டிரைவ் வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேர் ஃபைலை இப்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடையில், அது சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உள்ளூராக இருந்தாலும், பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அங்கேயே போனில் தயாரிப்பாளர் தளத்தைத் திறந்து அந்த எண்ணுக்கு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம். "நம்ம கடை வாரண்டி சார்" என்பது கடை இருக்கும் வரைக்கும்தான்.

இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி என்று விளம்பரம் வரும். அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு, கனம் தெரிய ஒரு இரும்புத் துண்டு. அதற்கும் ஃபர்ம்வேர் உண்டு, பொய் சொல்வதற்கென்றே எழுதியது. 16 டிபி என்று காட்டும். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். சந்தேகம் வந்தால் எஃப்3 போன்ற கருவியால் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அன்றாடம்

ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், கணக்குப்பிள்ளைக்கு நடமாட இடம் வேண்டும். டிஃப்ராக் மென்பொருள் எதையும் நிறுவாதீர்கள். எந்த இடத்துத் தரவு இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் தானே அனுப்பிக்கொள்ளும். கரண்ட் நின்றாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் சர்வர் டிரைவ்களில்தான் இருக்கும், நம் வீட்டு டிரைவில் இருக்காது. ஆக யுபிஎஸ்தான் நம் மின்தேக்கி.

எஸ்எஸ்டியை அலமாரியில் பூட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக் தரநிலைப்படி, தாங்குதிறன் முழுதும் தீர்ந்த நுகர்வோர் டிரைவ் 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் 1 வருடம் தரவைக் காக்க வேண்டும். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் காக்கும். ஆனால் வெப்பம் ஏறினால் மின்னூட்டம் சீக்கிரம் கசியும். மே மாத மொட்டைமாடி அறை அலமாரி எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். பழைய ஆல்பங்களுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எஸ்எஸ்டியில்தான் வைப்பேன் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மாட்டி எல்லா ஃபைலையும் படித்துவிடுங்கள்.

போய்க்கொண்டிருக்கும்போது

ஃபைல் திறக்க முப்பது வினாடி, காரணமில்லாமல் உறைவது, பயாஸில் ஒரு தரம் தெரிந்து ஒரு தரம் மறைவது, சேமித்தால் "எழுத அனுமதி இல்லை" என்பது: இவை வந்தால் சோதனை மென்பொருள் ஓட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். டிரைவை வேறு கணினியில் இரண்டாவதாக மாட்டி, மிக முக்கியமான கோப்புறையை முதலில் நகலெடுங்கள். பிழை சரிபார்க்கும் கருவியை ஓட்டாதீர்கள், அது எழுதும். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்க்யூ மூலம் படிமம் எடுக்கச் சொல்லுங்கள். அழித்த ஃபைலைத் தேடி நேரம் போக்க வேண்டாம், டிரிம் ஓடிய இடத்தில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

வாரண்டிக்கு அனுப்பினால் உங்கள் தரவும் சேர்ந்தே போகிறது. செத்த டிரைவில் இருக்கும் தரவை நீங்கள் அழிக்க முடியாது. குறியாக்கம் போட்டிருந்தால் கவலை இல்லை, அதனால்தான் பிட்லாக்கரைத் திட்டினாலும் எடுத்துவிடச் சொல்வதில்லை.

ஸ்டுடியோக்காரருக்கு மூன்று வாரத்தில் வாரண்டியில் மாற்று டிரைவ் வந்தது. படங்கள் வரவில்லை. ஒரு வீட்டில் உறவினர்கள் போனில் எடுத்ததைச் சேகரித்து ஆல்பம் போட்டுக் கொடுத்தார், இன்னொரு வீட்டில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், மூன்றாவது வீடு அவரோடு இன்னும் பேசுவதில்லை. இப்போது அவருடைய மேசையில் இரண்டு ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி மேல் ஒட்டிய காகித டேப்பில் அவர் கையெழுத்திலேயே ஃபர்ம்வேர் பதிப்பும் பார்த்த தேதியும். ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கு முன்பும் போன் வரும்: "தம்பி, கம்பெனி புதுசா ஏதாச்சும் விட்டிருக்கானா, பாத்துச் சொல்லு."